ஆர்எக்ஸ் எலிமெண்ட்ஸிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு: மாறலாமா, வேண்டாமா?

மூன்று வருடங்களாக, ஒலியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான ஐசோடோப் ஆர்எக்ஸின் சின்ன பதிப்பான எலிமெண்ட்ஸை வைத்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் வருவது பெரும்பாலும் பேச்சு: ஒலிப்புத்தகம், பேட்டி, அவ்வப்போது யாராவது கைபேசியில் பதிந்து அனுப்பும் உரை. ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் அப்கிரேடு சலுகை என்று மின்னஞ்சல் வரும், பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இருப்பது போதும் என்ற எண்ணம் ஒரு பக்கம், பெரிய பதிப்பு இருந்தால் வேலை சீக்கிரம் முடியுமோ என்ற அரிப்பு இன்னொரு பக்கம். இந்த முறை உட்கார்ந்து, சோதனைக் காலம் முழுவதும் என் சொந்த வேலையை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தேன். ஸ்டாண்டர்டு வாங்கிவிட்டேன், அட்வான்ஸ்டு வாங்கவில்லை. ஏன் என்பதையும், யாருக்கு இரண்டுமே தேவையில்லை என்பதையும் சொல்கிறேன்.

ஆர்எக்ஸைப் பயன்படுத்தாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 2007-இல் முதல் பதிப்பு வந்தது. பல டிராக்குகளை அடுக்கிப் பாட்டு உருவாக்கும் மென்பொருள் இல்லை இது. பழுதான ஒலியைச் சரிசெய்யும் பட்டறை. மூன்று பதிப்புகள். எலிமெண்ட்ஸில் டி-கிளிக் (சொடுக்கு), டி-கிளிப் (அளவு மீறி வெட்டுப்பட்ட ஒலி), டி-ஹம் (மின் உறுமல்), வாய்ஸ் டி-நாய்ஸ் (பேச்சின் பின்னணி இரைச்சல்), டி-ரிவர்ப் (எதிரொலி) ஆகிய அடிப்படைக் கருவிகள், கூடவே எது பழுது என்று தானே கண்டுபிடித்துப் பரிந்துரைக்கும் ரிப்பேர் அசிஸ்டெண்ட். ஸ்டாண்டர்டில் இவற்றோடு ஸ்பெக்ட்ரல் ரிப்பேர், மவுத் டி-கிளிக், டி-புளோசிவ், பிரெத் கண்ட்ரோல், பல ஃபைல்களை ஒரே அடியாக முடிக்கும் பேட்ச் வசதி எல்லாம் வருகின்றன. அட்வான்ஸ்டு, படப்பிடிப்பில் பதிந்த வசனத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கானது.

இந்தப் பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் வேறு ஒன்று செய்தேன். சோதனைப் பதிப்பை இறக்குவதற்கு முன்னால் ஒரு வாரம், எடிட்டிங்கில் கையால் என்னென்ன செய்கிறேன், எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். வாரக் கடைசியில் பார்த்தால் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. மின்விசிறி இரைச்சல், கணினியின் மெல்லிய உறுமல் இவைதான் என் பெரிய தொல்லை என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அவற்றுக்கு ஒரு அத்தியாயத்துக்குச் சில நிமிடங்கள்கூடப் போகவில்லை, வாய்ஸ் டி-நாய்ஸே பார்த்துக்கொள்கிறது. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும் டி-ஹம்மில் போய்விடுகின்றன. நேரத்தைத் தின்றது இரண்டே இரண்டு: வாயிலிருந்து வரும் சொடுக்குச் சத்தம், அப்புறம் வாசிப்பின் நடுவே எங்கிருந்தோ வந்து விழும் ஒற்றைச் சத்தங்கள்.

வாய்ச் சத்தம் என்ன என்று மைக்குக்கு அருகில் வாசித்தவர்களுக்குத் தெரியும். நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும்போதும், உதடு ஒட்டித் திறக்கும்போதும், எச்சில் குமிழி உடையும்போதும் வரும் டிக், டிக். நேரில் பேசும்போது காதில் விழவே விழாது. ஹெட்போனில் கேட்பவருக்கு, வாசிப்பவர் காதுக்குள் உட்கார்ந்து மெல்லுவது போல இருக்கும். தண்ணீர் குடித்தால் குறையும், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் இன்னும் குறையும், முழுசாகப் போகாது. ஒவ்வொன்றும் சில மில்லிநொடிதான். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஊசிபோல நிற்கும் அந்தப் புள்ளியைத் தேடி, தேர்ந்தெடுத்து, தணித்து, அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒரு மணி நேர வாசிப்பில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இரவில் கண்ணை மூடினால்கூட அந்த ஊசிகள்தான் தெரியும்.

எலிமெண்ட்ஸில் இருக்கும் டி-கிளிக் இதற்கு உதவாதா என்று கேட்கலாம். ஓரளவு உதவும். ஆனால் இசைத்தட்டில் விழும் கீறல் சத்தம், டிஜிட்டல் கோளாறு போன்ற கூர்மையான கிளிக்குகளுக்குத்தான் அது பொருத்தம். வாய்ச் சத்தத்தைப் பிடிக்கும் அளவுக்கு அதன் உணர்திறனைக் கூட்டினால் மெய்யெழுத்துகளையும் சேர்த்துத் தடவிவிடுகிறது. காரணம் எளிது: ட், க், ப் ஆகியவற்றின் வெடிப்பும் வாயின் சொடுக்கும் உருவத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டுமே திடீரென்று எழுந்து உடனே அடங்குபவை. மவுத் டி-கிளிக் இந்த வேலைக்காகவே செய்தது, வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. எனக்குப் பழக்கமான ஒரு மோசமான அத்தியாயத்தை, முன்பு இரண்டு மாலை உட்கார்ந்து கையால் சுத்தம் செய்ததை, மூல வடிவத்தில் எடுத்துக் கொடுத்தேன். உணர்திறனைப் பாதிக்குக் கீழே வைத்து ஓட்டியபோது பத்தில் எட்டு சொடுக்கு போல மறைந்துவிட்டது. மிச்சத்தைக் கையால் எடுக்க அரை மணி நேரம் ஆனது.

ஒரு எச்சரிக்கை. கருவி எதை எடுக்கிறது என்பதை மட்டும் தனியாகக் கேட்க ஒரு வசதி இருக்கிறது, அவுட்புட் கிளிக்ஸ் ஒன்லி என்று. அதை அழுத்திக் கேட்டுப் பாருங்கள். வெறும் டிக் டிக் மட்டும் கேட்டால் சரி. அதில் சொற்களின் ஓரங்கள் கேட்டால், 'ட'கரத்தின் நுனியோ 'ச'கரத்தின் உரசலோ கேட்டால், அளவு மீறிவிட்டது என்று பொருள். நான் இதைச் செய்யாமல் முதல் நாள் ஒரு முழு ஃபைலை ஓட்டிவிட்டு, ஏன் வாசிப்பு நாக்குத் தடித்தது போல் இருக்கிறது என்று வெகுநேரம் யோசித்தேன்.

அடுத்தது ஸ்பெக்ட்ரல் ரிப்பேர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் காசு கொடுத்தது பாதிக்கு மேல் இதற்குத்தான். சாதாரண அலைவடிவத்தில் கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் ஒலியின் வீச்சு. இரண்டு சத்தங்கள் ஒரே கணத்தில் வந்தால் ஒன்றின் மேல் ஒன்று கலந்து ஒரே கோடாகத்தான் தெரியும். ஸ்பெக்ட்ரோகிராம் என்ற காட்சியில் செங்குத்து அச்சு அதிர்வெண்ணாகிவிடுகிறது, எவ்வளவு பலம் என்பதை நிறத்தின் பிரகாசம் காட்டுகிறது. அப்போது பேச்சு ஏணிப்படிகள் போல அடுக்கடுக்கான கோடுகளாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கூவிய பறவை அந்தப் படிகளுக்கு மேலே தனியாக ஒரு வளைகோடாக நிற்கும். கைபேசியின் மணி சமமான சிறு கோடுகள். நாற்காலி கிறீச்சிட்டால் சாய்வாக ஒரு கீற்று. நாள்கணக்கில் பார்த்துப் பழகிவிட்டால், கேட்பதற்கு முன்பே இது என்ன சத்தம் என்று கண்ணே சொல்லிவிடும்.

பறவையின் வளைகோட்டை மட்டும் லாசோ என்ற தேர்வுக் கருவியால் சுற்றி வளைத்து, ஸ்பெக்ட்ரல் ரிப்பேரில் அட்டெனுவேட் என்ற முறையைக் கொடுத்தால், சுற்றியுள்ள ஒலியைப் பார்த்து அந்த இடத்தை அது நிரப்பிவிடுகிறது, கீழே ஓடும் பேச்சைத் தொடாமல். வெறும் வெட்டு என்றால் ஓட்டை தெரியும், இதில் தெரிவதில்லை. ரீப்ளேஸ் என்று இன்னொரு முறை உண்டு, அது அந்த இடத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து முழுசாக மீண்டும் உருவாக்கும், குறுகிய இடைவெளிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பக்கம் புரட்டும் சத்தம் வேறு கதை. அது எல்லா அதிர்வெண்ணிலும் பரந்து கிடப்பதால் செங்குத்தான ஒரு பட்டையாக வரும். சொல்லின் மேல் விழுந்திருந்தால் இந்தக் கருவியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்வதுதான் வழி.

ஸ்பெக்ட்ரோகிராமோடு வேலை செய்யப் போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. நேரத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே சமயத்தில் துல்லியமாகப் பார்க்க முடியாது. எஃப்எஃப்டி அளவு, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை எடுத்து அலசுகிறது என்பது, 2048 என்று வைத்தால், நொடிக்கு 44,100 மாதிரி (44,100 ஹெர்ட்ஸ்) கொண்ட பதிவில் அது சுமார் 46 மில்லிநொடி, அதிர்வெண்ணில் ஒரு கட்டம் சுமார் 21.5 ஹெர்ட்ஸ். அதை 8192 ஆக்கினால் கட்டம் 5.4 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கும், ஆனால் நேரம் 186 மில்லிநொடிக்கு இழுபடும். உறுமலைத் தேட பெரிய அளவு, சொடுக்கைத் தேட சிறிய அளவு. இது தெரியாமல் முன்பு நான் ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் தேடி, ஏன் கிளிக் மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்று குழம்பியிருக்கிறேன்.

இதே காட்சி இலவசமாகவும் கிடைக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் ஸ்பெக்ட்ரோகிராம் உண்டு, அதில் அதிர்வெண் பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கவும் முடியும். பல டிராக்குகளை அடுக்கி எடிட் செய்யும் ரீப்பரிலும் ஸ்பெக்ட்ரல் எடிட் இருக்கிறது, சோதனைக் காலத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இவற்றில் தணிக்கலாம், வெட்டலாம். சுற்றுப்புறத்தைப் பார்த்து நிரப்பும் அந்தக் கடைசி வேலைதான் இல்லை. மாதத்தில் இரண்டு பறவை என்றால் தணிப்பதே போதும். எனக்கு வரும் பதிவுகள் வீட்டு அறைகளில் பதிந்தவை, ஒரு மணி நேரத்தில் இருபது முப்பது இப்படி விழும்.

தமிழ் வாசிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. நம் சொற்களில் வல்லின மெய் இரட்டிக்கும் இடத்தில் ஒரு கணம் முழு அமைதி இருக்கிறது. 'பட்டம்' என்று சொல்லிப் பாருங்கள், 'ப'வுக்குப் பிறகு நாக்கு மேலே போய் ஒட்டி, மூச்சு அடைபட்டு நின்று, அப்புறம்தான் வெடிக்கிறது. ஒற்றுக்கு அரை மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, அந்த அரை மாத்திரைதான் அலைவடிவத்தில் வெறும் இடமாகத் தெரிகிறது. தானாக அமைதியைச் சுருக்கும் கருவிகளும், சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் 'நாய்ஸ் கேட்' கருவியை அளவுக்கு மிஞ்சி வைத்தால் அதுவும் இதைச் சொல்லுக்கு இடையிலான இடைவெளி என்று நினைத்துக்கொள்கின்றன. ஒன்று நறுக்கிவிடும், அப்போது பத்து, பக்கம், அப்பா எல்லாம் அழுத்தம் இழந்து அவசரமாக ஓடும். இல்லை என்றால் அந்தக் கணத்தில் மட்டும் அறையின் ஒலியை அடைத்துத் திறக்கும், கேட்பவருக்கு விட்டு விட்டுத் தந்தி அடிப்பது போல இருக்கும். அதனால் அமைதியைச் சுருக்கும் எந்தக் கருவியிலும் கால் நொடிக்குக் குறைவான எதையும் தொடாதே என்று வைத்துவிடுங்கள். நாய்ஸ் குறைப்பையும் ஒரேயடியாகப் பன்னிரண்டு டெசிபல் எடுப்பதைவிட, ஆறு ஆறாக இரண்டு முறை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். இது எலிமெண்ட்ஸ், ஸ்டாண்டர்டு இரண்டுக்கும் பொது. பெரிய பதிப்பு வாங்கினால் இந்தக் கவனம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

மூச்சைக் குறைக்கும் பிரெத் கண்ட்ரோலும் அப்படியே. நன்றாகத்தான் கண்டுபிடிக்கிறது. ஆனால் மூச்சை முழுசாக எடுத்துவிட்டால் வாசிப்பவர் உயிரோடு இருப்பதே சந்தேகமாகிவிடும், துக்கமான ஒரு பத்திக்கு முன்னால் அவர் இழுத்த மூச்சு அந்தப் பத்தியின் பாகம்தான். நான் சற்றே தணிக்க மட்டும் பயன்படுத்துகிறேன், பல அத்தியாயங்களில் அதுவும் இல்லை. டி-புளோசிவ், 'ப'வில் மைக் மேல் அடிக்கும் காற்றை நன்றாக அடக்குகிறது. ஆனால் மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத்தடுப்பான பாப் ஃபில்டர் இருந்தால் இந்தத் தேவையே பெரும்பாலும் எழாது. இந்த ஒரு கருவிக்காக மட்டும் யாரும் அப்கிரேடு செய்ய வேண்டாம்.

பேட்ச் வசதியைப் பற்றிச் சுருக்கமாக. ஒலிப்புத்தகத் தளங்களுக்குக் கண்டிப்பான அளவுகள் உண்டு. ஏசிஎக்ஸ் தளம் கேட்பது இது: ஆர்எம்எஸ் எனப்படும் சராசரி ஒலி அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்கு மேல் போகாமல், 44.1 கிலோஹெர்ட்ஸில். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாகத் திறந்து இதைச் செய்வது அலுப்பு. பேட்சில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் கட்டளைகளைத் தொடராகச் சேமித்து ஓட்டும் ஆடாசிட்டியின் மேக்ரோ வசதியும் இதையே இலவசமாகச் செய்கிறது, நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரே மென்பொருளுக்குள் முடிகிறது என்பது வசதி, அவ்வளவுதான்.

அட்வான்ஸ்டையும் அதே சோதனைக் காலத்தில் திறந்து பார்த்தேன். சட்டையில் குத்திய மைக்கின் உரசலை எடுக்கும் டி-ரசில், காற்றின் அடியை எடுக்கும் டி-விண்ட், ஒரு இடத்தின் பின்னணி ஒலியை இன்னொரு இடத்துக்குப் பொருத்தும் ஆம்பியன்ஸ் மேட்ச், வசனத்தின் ஏற்ற இறக்கத்தை மாற்றும் டயலாக் காண்டூர் என்று அதன் உலகமே வேறு. வெளிப்புறத்தில் படம் பிடிப்பவர்களுக்கு இவை சோறு போடும் கருவிகள். என் தாளில் குறித்திருந்த வேலைகளில் ஒன்றுக்குக்கூட அவை தேவைப்படவில்லை. டி-ரசிலில் விளையாடிப் பார்க்க ஆசையாக இருந்தது உண்மைதான், என் மேசையில் நிலையாக நிற்கும் மைக்கில் சட்டை உரசாது.

சரி, எந்தப் பதிப்பாலும் முடியாதது என்ன? பதிவின்போதே அளவு மீறித் தலை வெட்டுப்பட்ட ஒலியை டி-கிளிப் ஓரளவு வளைத்துக் கொடுக்கும், கடுமையாக வெட்டுப்பட்டிருந்தால் கரகரப்பு நிற்கவே செய்யும். வெற்றுச் சுவர் அறையில் பதிந்த எதிரொலியை டி-ரிவர்ப் குறைக்கும். அதற்கு மேல் அழுத்தினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி பதிந்தால் தலை வெட்டுப்படும் பிரச்சினையே பெரும்பாலும் வராது. மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் நடுவே 16 பிட்டுக்கு சுமார் 96 டெசிபல் இடம் என்றால் 24 பிட்டுக்கு சுமார் 144, தாராளமாக இருக்கிறது. அறை எதிரொலிக்கிறது என்றால் முதலில் கனமான போர்வை, துணி அலமாரி, புத்தக அடுக்கு இவற்றைப் பாருங்கள். அப்கிரேடு அதற்குப் பிறகு.

வேறு வழிகளையும் யோசித்தேன். ஆடாசிட்டி 2000-இலிருந்து இருக்கிறது, இலவசம், 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து எஃபெக்டுகளை ஓடும்போதே மாற்றிக் கேட்கலாம், முன்பு அது பெரிய குறை. வாரத்துக்கு ஒரு பாட்காஸ்ட் போடுகிறவருக்கு அதுவே போதும், இதை மனமாரச் சொல்கிறேன். ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு சோதிக்கத் தருகிறது, தனிநபர் லைசென்ஸுக்கும் வணிக லைசென்ஸுக்கும் மென்பொருளில் எந்த வித்தியாசமும் இல்லை. சின்னது, பெரியது என்று பிரிக்காத அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். நான் வெட்டுவது, அடுக்குவது எல்லாம் ரீப்பரில்தான். அதன் அமைப்பில் வெளி எடிட்டராக ஆர்எக்ஸைக் கொடுத்துவிட்டால் பழுதான துண்டை மட்டும் அங்கே அனுப்பிச் சரிசெய்து சேமிக்கலாம். அடோபி ஆடிஷன் சந்தா முறை. அதன் வேர் கூல் எடிட் ப்ரோ, 2003-இல் அடோபி வாங்கியது. ஸ்பெக்ட்ரல் வேலைக்குத் தகுதியான மென்பொருள்தான்.

சந்தாவைப் பற்றி என் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு மென்பொருளை மாதச் சந்தாவில் வைத்திருந்தேன், பெயர் இங்கே முக்கியமில்லை. ஒரு புத்தகத்தை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் அட்டை மாறியதால் சந்தா புதுப்பிக்கப்படவில்லை, புராஜெக்ட் ஃபைல்கள் எதுவும் திறக்கவில்லை. வேவ் ஃபைல்கள் பத்திரமாக இருந்தன, ஆனால் எந்த வெட்டு எங்கே என்ற கணக்கெல்லாம் அந்தப் பூட்டுக்குள். இரண்டு நாள் தூக்கமில்லாமல் திரும்ப வெட்டினேன். அதற்குப் பிறகு, ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பு என்னிடமே இருக்கும் லைசென்ஸ் என்றால்தான் மனம் ஒப்புகிறது. இன்னொரு பழக்கமும் வந்தது: ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு வேவ் நகலை வெளியே எடுத்து வைத்துவிடுவேன். ஒரு நிமிடத்துக்கு, ஸ்டீரியோ 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் என்றால், சுமார் 10 மெகாபைட்தான்.

வாங்குவதென்று முடிவானால் அவசரப்படாதீர்கள். சின்ன பதிப்பு ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு அப்கிரேடு விலை தனி, முழு விலையைவிடக் குறைவு, சலுகைக் காலங்களும் அடிக்கடி வருகின்றன. சோதனைக் காலத்தை, கையில் வேலை இல்லாத வாரத்தில் தொடங்கி வீணாக்காதீர்கள். சொந்த ஃபைல்களில், அதுவும் மிக மோசமானவற்றில் ஓட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் மாதிரி ஃபைலில் எந்தக் கருவியும் அழகாகத்தான் வேலை செய்யும். முன்னையும் பின்னையும் ஒப்பிடும்போது இரண்டின் சத்த அளவையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள், சற்றுச் சத்தமாக இருப்பதே நம் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

நான் கடைசி நாளில் அப்படித்தான் செய்தேன். அந்த மோசமான அத்தியாயத்தின் மூன்று வடிவங்கள்: கையால் சுத்தம் செய்த பழையது, ஸ்டாண்டர்டில் எல்லாக் கருவியையும் ஓட்டியது, மவுத் டி-கிளிக்கும் ஸ்பெக்ட்ரல் ரிப்பேரும் மட்டும் பயன்படுத்தி மூச்சுகளை அப்படியே விட்டது. அளவைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் வாசித்த அக்காவுக்கே அனுப்பினேன். எல்லாக் கருவியும் ஓட்டியதைக் கேட்டுவிட்டு, "இது நான் இல்லைப்பா" என்றார். முதலாவதையும் மூன்றாவதையும் மாற்றி மாற்றிக் கேட்டு, வித்தியாசம் தெரியவில்லை, இரண்டில் எதை வேண்டுமானாலும் போடு என்றார். முதலாவது இரண்டு மாலை வேலை, மூன்றாவது ஒரு மணி நேரம்கூட இல்லை. அன்று இரவே ஸ்டாண்டர்டு லைசென்ஸ் வாங்கினேன்.